நூற்று அறுபத்தைந்து லிட்டர்

ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய ஃபிரிட்ஜ் வேண்டும் என்று முடிவு செய்வது அப்படியொன்றும் கஷ்டமான காரியமில்லை. வீட்டில் எத்தனை பேர், பால் எவ்வளவு வாங்குகிறார்கள், மாவு அரைத்தால் எத்தனை நாள் வைத்துக்கொள்கிறார்கள், பெட்டி நிற்கப்போகிற இடத்தின் அகலம் என்ன. இவ்வளவு தெரிந்தால் போதும். மவுண்ட் ரோடு கடையில் இருந்தவர் என்னிடம் இதைத்தான் கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் பதில் வைத்திருந்தேன். ஒரு காகிதத்தில் எழுதியே கொண்டுபோயிருந்தேன்.

என் பெயர் தனபாலன். வயது நாற்பத்தொன்று. மயிலாப்பூரில் டாக்டர் ஜவஹர் தன் வீட்டு முன்கட்டில் நடத்துகிற கிளினிக்கில் பதினாறு வருஷமாகக் கம்பவுண்டர். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். வேகமாகப் போனால் நிறுத்துங்கள்.

கம்பவுண்டர் என்றாலும் அந்த வீட்டில் என் வேலை மருந்து கலக்குவதோடு முடிவதில்லை. ஃபேன் ஓடாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால் நான்தான். ரேடியோ ரிப்பேர் பற்றி ஒரு புத்தகத்தைப் பழைய கடையில் வாங்கி நானாகவே படித்திருக்கிறேன். டாக்டர் வெளியாட்களிடம், "தனபால் கை வச்சா எதுவும் ஓடும்" என்பார். அப்படி ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று நமக்கும் தோன்றிவிடும்.

ஃபிரிட்ஜ் வாங்கும் யோசனை டாக்டருடையது. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்து ஜனங்கள் அதற்காகத் தினமும் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப்போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. கடித்த இடம் ஆறியதும் ஐந்தாம் ஊசியிலோ ஆறாம் ஊசியிலோ பலர் நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்திய ஒரு கொத்தனார் இறந்துபோனதை டாக்டரால் மறக்க முடியவில்லை. மருந்தை நாமே வரவழைத்து வைத்துக்கொள்வோம் என்றார். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கிற மருந்து. நீலகிரியிலிருந்து ஐஸ் போட்ட பெட்டியில் ரயிலில் வரும். வந்த பிறகும் குளிரிலேயே இருக்க வேண்டும். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வேண்டும் என்று டாக்டரின் மனைவி சுந்தரவல்லி அம்மாவும் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரே பெட்டியில் இரண்டு காரியமும் நடக்கட்டும் என்று முடிவாயிற்று. இது எழுபத்து மூன்றாம் வருஷம் தைப் பொங்கல் கழிந்து.

கடையில் இரண்டு அளவு இருந்தது. ஒன்று நூற்று அறுபத்தைந்து லிட்டர். இன்னொன்று இருநூற்று எண்பத்தாறு. டாக்டர், அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர். மருந்துக்கு ஒரு தட்டு போதும். சின்னதே தாராளம் என்று நான் சொன்னேன்.

"அடையாறுல எங்க அக்கா வீட்ல பெருசுதான் வச்சிருக்காங்க தனபாலா," என்றார்கள் அம்மா. "வாங்குறதே ஒரு தடவ. பெருசாவே வாங்கிருவோமே."

நான் அவர்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப்போனேன். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் சுவர் உள்வாங்கி ஒரு இடம் இருந்தது. முன்பு மர பீரோ நின்ற இடம். அளவு நாடாவை விரித்துக் காட்டினேன். சின்னப் பெட்டி அதில் அச்சாகப் பொருந்தும். பெரியது கூடத்தின் நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும். அம்மா சரி என்றார்கள். பெட்டி வந்து இறங்கி அந்த இடத்துக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளிதான் இருந்தது. பின்பக்கம் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது என்றார்கள்.

நான் கணக்கில் விட்டதை இப்போது சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் வசிக்கிற வீட்டில் நான்கு பேருடைய சாமான் மட்டுமே இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். தெருவிலேயே முதல் ஃபிரிட்ஜ் அது. எதிர் வீட்டு மல்லிகைப்பூ அதில் இருந்தது. பக்கத்து வீட்டு மாவு இருந்தது. பிள்ளைகளின் சிநேகிதர்கள் வந்து தண்ணீர் குடித்துப் போவார்கள். ஒரு நாள் கதவு எத்தனை முறை திறக்கிறது என்று நான் எண்ணிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் ஐம்பத்திரண்டு முறை. மருந்துப் பெட்டி முதலில் நடுத்தட்டில் இருந்தது. பிறகு காய்கறிக்கு மேலே போயிற்று. மாம்பழக் காலத்தில் அதன் மேலேயே மாம்பழம் அடுக்கினார்கள்.

இந்த வருஷம் மார்ச் மாதத்தில் பெட்டிக்குள் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ஐஸ் அறையில் உறைபனி நான்கு விரல் கனத்துக்கு ஏறி நின்றது. ஆனால் கீழ்த்தட்டில் பால் திரிந்தது. அம்மாவே யாரிடமோ விசாரித்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மெஹபூப் பாஷா என்பவர் சைக்கிளில் வந்தார். டாக்டரும் அம்மாவும் அப்போது ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான்தான் கூட நின்றேன். அவர் ஒரு பஸ் டிக்கெட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தார். அது தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் பட்டை போய்விட்டது என்றார். பிறகு பக்கவாட்டு இடைவெளியில் கையை விட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டார்.

"இன்னா நைனா, பொட்டிய சொவத்துக்குள்ள பொதைச்சு வெச்சிக்கீறே. இது எப்டி மூச்சு வுடும்?"

பெட்டிக்குள் இருக்கிற சூட்டைத்தான் பின்பக்கக் குழாய் வெளியே தள்ளுகிறது, அந்தச் சூடு போக வழி வேண்டும் என்று விளக்கினார். எனக்கு அது உடனே புரிந்தது. வாங்குவதற்கு முன்பே புரிந்திருக்க வேண்டியது.

"அரை அடி முன்னால இழு. இல்லாங்காட்டி சித்திரை வெயிலுக்கு மிசினு நின்னுபூடும். இன்னொண்ணு சொல்றேன், கேளு. இந்த வூட்டுக்கு இந்தப் பொட்டி பத்தாது. மருந்து வேற கீது. மருந்துக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிக்கோ. டாக்டராண்ட நான் சொல்லட்டா?"

நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். புது ரப்பர் பட்டை போட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

பெட்டியை அரை அடி முன்னால் இழுத்துப் பார்த்தேன். சமையலறைக் கதவு அதில் இடித்துப் பாதியில் நின்றது. கதவு ஏன் இடிக்கிறது என்று அம்மா கேட்பார்கள். இடம் பார்த்தது தப்பு, அளவு எடுத்தது தப்பு, பெரியது வாங்கியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். பெட்டியை மறுபடி உள்ளே தள்ளினேன். சொல்வதற்கு ஒரு நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சமயம் வரவில்லை.

மே பத்தாம் தேதி டாக்டர் குடும்பத்தோடு கொடைக்கானல் போனார். பதினொரு நாள் கிளினிக் கிடையாது. வீட்டுச் சாவி என்னிடம். அதற்கு முந்தின வாரம்தான் புது மருந்து வந்திருந்தது. நான்கு பேருக்குப் போதும். பழைய மருந்து அத்தனையும் தீர்ந்திருந்தது.

அவர்கள் போன மறுநாள் காலை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். ஃபிரிட்ஜ் சத்தமில்லாமல் இருந்தது. திறந்தேன். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. உறைபனியெல்லாம் உருகி அடித்தட்டில் தண்ணீர் நின்றது. சிறிது நேரத்தில் மிஷின் லேசாக முனகிற்று. டிக் என்று ஒரு சத்தம். மறுபடி அமைதி. நாலைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அதேதான்.

அக்கினி நட்சத்திரம். கரண்ட்டும் மிகக் குறைவாக வந்துகொண்டிருந்தது, விளக்குகள் மஞ்சளாக எரிந்தன. வோல்டேஜ்தான் காரணம், சாயங்காலம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. மறுநாள் பிளக்கை மாற்றினேன். அதற்கு மறுநாள் ஒயரை மாற்றினேன். பிறகு, குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒவ்வொரு நாளும் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்து அதைச் சரிசெய்தேன். சரியான காரணம் எனக்கு முதல் நாளே தெரியும். பாஷா வந்து சொன்னதுதான். அதை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன்.

மருந்தை என்ன செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். அடையாற்றில் அம்மாவின் அக்கா வீட்டில் பெரிய ஃபிரிட்ஜ் இருக்கிறது. பஸ்ஸில் அரை மணி நேரம். மீன் மார்க்கெட்டுக்குப் போனால் ஐஸ் கட்டி வாங்கலாம். இரண்டையும் யோசித்தேன். இரண்டாம் நாள் மருந்துப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போகவும் செய்தேன். என்ன ஆயிற்று என்று அந்த அம்மாள் கேட்பார்கள், சுந்தரவல்லி அம்மாவிடம் சொல்வார்கள். பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பையோடு திரும்பி வந்து மருந்தை அதே தட்டில் வைத்துக் கதவை மூடினேன்.

எட்டாம் நாள் பெட்டியை அரை அடி முன்னால் இழுத்துவிட்டு இரண்டு மணி நேரம் சும்மா விட்டேன். பிறகு பிளக்கைப் போட்டதும் அது தானாகவே ஓட ஆரம்பித்தது. மருந்து அதற்குள் எட்டு நாள் அந்தச் சூட்டில் இருந்துவிட்டது. மூடின பெட்டிக்குள், கத்திரி வெயிலில், பின்னால் மிஷின் கொதிக்கக் கொதிக்க.

கெட்ட பாலைக் கொட்டினேன். தட்டுகளைச் சோடா உப்புப் போட்டுக் கழுவினேன். எலுமிச்சம்பழத் தோலால் உள்பக்கமெல்லாம் தேய்த்தேன். ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் பெட்டியை மறுபடி உள்ளே தள்ளினேன். வந்ததும் அம்மா கதவைத் திறந்து, "என்னமா பளபளன்னு வச்சிருக்கே தனபாலா," என்றார்கள்.

மருந்தை மட்டும் கொட்டவில்லை. கொட்டினால் எங்கே என்று டாக்டர் கேட்பார். ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீர்மோர் மாதிரி லேசாகக் கலங்கி, எப்போதும் இருக்கிற மாதிரியே இருந்தது. கெட்டுப்போனால் பால் திரிகிறது, பழம் அழுகுகிறது. இதில் எதுவும் தெரியவில்லை. தெரியாததால் கெடவில்லை என்று வைத்துக்கொண்டேன். மருந்தோடு வந்த அச்சிட்ட தாளில், சூடு பட்டால் பார்வைக்குத் தெரியாமலே கெட்டுவிடும் என்று எழுதியிருந்தது. அதையும் படித்தேன்.

ஜூன் பதினேழாம் தேதி பாஞ்சாலி வந்தாள்.

எங்கள் தெருமுனையில் பூவரச மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவள் அவள்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் நாகராஜ் மீன்பாடி வண்டி மிதிப்பவன். டாக்டர் வீட்டுத் துணி, என் துணி எல்லாம் அவளிடம்தான். கெண்டைக்காலில் நான்கு பல் பதிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"துணி குடுக்கப் போய்க்கினு இருந்தேன் சார். எங்கேருந்து வந்துச்சுன்னே தெர்ல. கொலைக்கவே இல்ல. நேரா ஓடியாந்து கவ்விட்டு, அப்டியே நேரா ஓடிப்பூட்ச்சு. வாயெல்லாம் எச்சி."

டாக்டர் என்னைப் பார்த்தார். குரைக்காமல் நேராக ஓடுகிற நாய் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். காயத்தை சோப்புப் போட்டு அவரே கழுவினார்.

"பயப்படாதேம்மா. மருந்து நம்மகிட்டயே இருக்கு. எங்கயும் ஓட வேண்டாம். பதினாலு நாள், ஒரு நாள்கூட விடக்கூடாது. தனபால், எடு."

எடுத்தேன். முதல் ஊசியை டாக்டர் போட்டார். மிச்சத்தை நான் போட்டேன். என் கை லேசான கை என்று பெயர். பாஞ்சாலிகூட வலி அவ்வளவு தெரியவில்லை என்றுதான் சொன்னாள்.

தினமும் காலை ஏழு மணிக்கு, கரி பற்றவைப்பதற்கு முன்னால் வந்துவிடுவாள். ஒவ்வொரு ஊசி முடிந்ததும் போய் வண்டிப் பலகையில் கரியால் ஒரு கோடு போடுவாள்.

"இன்னா கம்பவுண்டரே, இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே படுப்பாள். நான் இடது பக்கம், வலது பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுவேன்.

நான் சும்மா இருக்கவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆறாம் நாள் அவளிடம், "பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஒரு தடவை போய்க் காட்டேன்," என்றேன்.

"ஏன், இங்க இன்னா கொற?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்பால இன்னாத்துக்கு? அங்க போனா நாள் பூரா நிக்கணும். துணிய யாரு தேய்க்கறது? நீ போடு கம்பவுண்டரே."

போட்டேன். அவளிடம் நான் சொல்லத்தான் செய்தேன். அவள்தான் போகவில்லை.

இன்னொன்றும் செய்தேன். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் உயிரோடு இருந்தால் அதற்கு வெறி இல்லை என்று அர்த்தம். அப்படியானால் மருந்து எப்படி இருந்தாலும் கவலையில்லை. அந்த நாயைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அன்று முதல் தினமும் மத்தியானம் சாப்பிடப் போகாமல் தேடினேன். மாட வீதிகள் நான்கும் சுற்றினேன். குளத்தங்கரை, கச்சேரி ரோடு, லஸ், கடற்கரைப் பக்கம் மீனவர் குப்பம் வரை போனேன். செவலை நிறம், ஆண் நாய், ஒரு காது மடிந்தது என்று பாஞ்சாலி சொன்ன அடையாளத்தைச் சொல்லிக் கடைக்காரர்களிடம் விசாரித்தேன். கம்பவுண்டருக்கு எவ்வளவு இரக்கம் என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம். நான் அவ்வளவு நடந்ததற்குப் பதிலாக டாக்டர் அறைக்குள் நான்கு எட்டு நடந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அதை அப்போதும் நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் நடந்தேன்.

தேட ஆரம்பித்த மூன்றாம் நாளே கச்சேரி ரோட்டில் ஒரு சைக்கிள் கடைக்காரர், அப்படி ஒரு நாய் வாயில் நுரை தள்ளி அங்கே செத்துக் கிடந்தது, கார்ப்பரேஷன் வண்டி எடுத்துப்போயிற்று என்று சொன்னார். அதற்குப் பிறகும் நான் தேடினேன்.

பத்தாம் ஊசி போட்ட அன்று சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு நாய் படுத்திருந்தது. பழுப்பும் வெள்ளையுமாக இருந்தது. ஒரு காது மடிந்திருந்தது. அந்த நாய் கிடைத்துவிட்டது, நன்றாக இருக்கிறது என்று டாக்டரிடம் வந்து சொன்னேன். பாஞ்சாலியையும் அழைத்துப்போய்த் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று காட்டினேன்.

அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். "இதுவா? அது நல்ல செவலையா இல்ல இருந்துச்சு?"

"ஓடுற நாயை எவ்வளவு நேரம் பாத்திருப்பே? இதுதான்."

கண்ணைச் சுருக்கி இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது. "நீ சொன்னா சர்தான். அப்ப நான் பொழைச்சிக்கினேன்," என்று சிரித்தாள்.

நான் காட்டிய நாய் பெட்டை. அதன் மடியில் குட்டிகள் பால் குடித்த காம்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. அது எழுந்து நிற்பதற்குள் அவளைத் திருப்பி அழைத்து வந்துவிட்டேன்.

டாக்டருக்கு அவ்வளவு சந்தோஷம். "இந்த ஊசியே சில பேருக்குக் கை கால் விளங்காமப் பண்ணிடும் தனபால். நாய் நல்லா இருக்கறப்போ எதுக்குத் தேவையில்லாம குத்தணும்? பத்தோட நிறுத்திடலாம்," என்றார். பாஞ்சாலி அன்று என் இரண்டு சட்டைகளையும் கூலி வாங்காமல் தேய்த்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் நாகராஜ் ஓடி வந்தான். "தண்ணி குட்சா தொண்டைய இஸ்துக்குதுன்றா சார். டீ கூட எறங்கல. காலு வேற எரியுதுன்றா, ஆறிப்போன எடத்துல."

டாக்டரும் நானும் போனோம். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஒரு டம்ளரில் தண்ணீர் வாங்கி அவளிடம் நீட்டினார். அவள் கை டம்ளர் வரை வந்தது. தொண்டை ஒரு தரம் சுண்டி இழுத்தது. டம்ளரை எறிந்துவிட்டாள். பிறகு தான் அப்படிச் செய்ததற்கு டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டர் தன் காரிலேயே கொண்டுபோனார். நான் பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். காற்று மேலே பட்டால் துடித்ததால் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். வழியெல்லாம் அவள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "அந்த நாயி நல்லாத்தானே கீது கம்பவுண்டரே?" நல்லா இருக்கு என்றேன். இரண்டாம் நாள் இறந்துபோனாள்.

"பத்து ஊசி போட்டாளே சார்," என்று நாகராஜ் கிளினிக் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. எங்கே கணக்குத் தப்பிற்று என்று கேட்கிறவன் மாதிரிச் சொன்னான்.

அன்று சாயங்காலம் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கேட்டார். "மருந்து சரியாத்தானே இருந்தது? நாங்க ஊருக்குப் போயிருந்தப்போ ஃபிரிட்ஜ் சரியா ஓடுச்சில்ல?"

"ஓடுச்சு சார்."

"அப்ப நாய்தான் மாறியிருக்கு."

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "நீ வேணும்னா செஞ்சே? பட்டினியா அலைஞ்சு தேடினே. நான்தான் நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பாவம் என்னோடது," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்தது. அது உண்மையான அழுகைதான்.

அதற்கப்புறமாவது மிச்ச மருந்தைக் கொட்டியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நிதானமாக யோசித்துப் பாருங்கள். நாய் மாறிப்போனதால் அவள் செத்தாள் என்றால் மருந்து நல்ல மருந்தாக இருந்தாக வேண்டும். நல்ல மருந்தை யாரும் கொட்ட மாட்டார்கள். அது இருந்த தட்டிலேயே இருந்தது.

இன்று நான் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் பாஞ்சாலியைப் பற்றித்தான் கேட்டீர்கள். அவள் புருஷன் கொடுத்த மனுவில் அவ்வளவுதான் இருக்கிறது. அந்த மனு இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் மேஜைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் இன்று வந்தேன். ஏன் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் இனாயத் என்பவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கச்சேரி ரோட்டில் குடை ரிப்பேர் செய்கிறவர். மகள் பெயர் குல்சும். பன்னிரண்டு வயது. வலது கை மணிக்கட்டில் நாய் கடித்திருந்தது. இந்தத் தடவை டாக்டர் உறுதியாக இருந்தார். "நாயை யாரும் தேட வேண்டாம். எது எப்படி இருந்தாலும் பதினாலும் போட்டாகணும்," என்றார். பாஞ்சாலிக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது என்று அவர் நினைத்தார். பதினாலையும் நானே போட்டேன், அதே பெட்டியிலிருந்து. அந்தப் பெண் ஒரு நாள்கூட அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். முடிந்ததும் பாவாடையைச் சரிசெய்துகொண்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

நேற்று காலை இனாயத் அவளை மறுபடி அழைத்து வந்தார். டாக்டர் செங்கல்பட்டில் ஒரு உறவினரைப் பார்க்கப் போயிருந்தார், இன்று மாலைதான் வருகிறார்.

"கம்பவுண்டர் சாப், ரெண்டு நாளா பச்சா தண்ணியே குடிக்க மாட்டேங்குது. தொண்டையில இன்னமோ அடைக்குதுங்குது. ராவெல்லாம் கைய சொறிஞ்சிக்கினே இருக்குது."

உட்காரச் சொன்னேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். நான் ஃபேனை நிறுத்தினேன்.

டாக்டர் இன்று வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போவார். பதினாலு ஊசியும் போட்ட பெண் என்பது அவருக்குத் தெரியும். இதில் மாறிப்போக நாய் எதுவும் கிடையாது. நேராக ஃபிரிட்ஜிடம்தான் போவார். அவர் கேட்டு நான் சொல்வதைவிட நானே வந்து வரிசையாகச் சொல்லிவிடுவது முறை என்று பட்டது. டாக்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். பாஷா சரியாகத்தான் சொன்னார் என்றும் எழுதுங்கள். மருந்து கெட்டது என்று தெரிந்தேதான் இரண்டு பேருக்கும் போட்டேன். எட்டு நாளில் ஒரு நாள், அதற்குப் பிறகு இருபத்து நான்கு ஊசிகளில் ஒரு ஊசிக்கு முன்னால், வாயைத் திறந்திருந்தால் போதும்.

இனாயத்திடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தொண்டைப் புண்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி ஒரு பாட்டில் மருந்து கலந்து கொடுத்தனுப்பினேன். மூன்று வேளை, வேளைக்கு ஒரு அவுன்ஸ் என்று குல்சுமிடமே சொன்னேன். சொன்ன பேச்சுக் கேட்கிற பெண். இந்நேரம் அதை வாய்வரை கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருப்பாள். கசப்புத் தெரியாமல் இருக்கட்டும் என்று சர்க்கரைப் பாகு கொஞ்சம் கூடவே ஊற்றியிருக்கிறேன்.